ஒற்றை ரயில் ஓடும் பாதைகள்: கூடுதல் வண்டி எங்கிருந்து வரும்?

மதுரை–தேனி மீட்டர் கேஜ் பாதையில் கடைசி வண்டி ஓடியது 2010 டிசம்பர் இறுதியில். அகலப்பாதையாக மாற்றி மறுபடி ரயில் விட்டது 2022 மே கடைசியில். பதினோரு வருடத்துக்கும் மேல் காத்திருந்த ஊருக்கு வந்தது ஒரே ஒரு வண்டி. காலை எட்டரை வாக்கில் மதுரையில் புறப்பட்டு ஒன்பதரை மணிக்குத் தேனி. சாயங்காலம் ஆறேகாலுக்குத் தேனியில் கிளம்பி ஏழரை மணிக்கு மதுரை.

இந்த நேரத்தைத் தேனிக்காரர் ஒருவரின் கண்ணால் பாருங்கள். அவருக்கு ராஜாஜி மருத்துவமனையில் வேலை இருக்கலாம், உயர்நீதிமன்றக் கிளையில் வழக்கு இருக்கலாம், மகளை மதுரைக் கல்லூரியில் சேர்க்க வேண்டியிருக்கலாம். எல்லாமே பகல் வேலை. ரயிலில் போனால் முதல் நாள் இரவு மதுரையில் இறங்க வேண்டும், எங்காவது தங்க வேண்டும், மறுநாள் வேலையை முடித்துவிட்டு இன்னொரு இரவும் தங்கி அடுத்த நாள் காலை வண்டியைப் பிடிக்க வேண்டும். பேருந்தில் ஏறினால் அதே நாள் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். யார் ரயிலில் போவார்கள்? மதுரையிலிருந்து தேனிக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் அந்த வண்டி கச்சிதமாகப் பொருந்தியது.

2023 ஜூனில் பாதை போடிநாயக்கனூர் வரை நீண்டது, சென்னைக்கு வாரம் மூன்று நாள் விரைவு வண்டியும் கிடைத்தது. உள்ளூர் வண்டியின் அமைப்பு அப்படியே இருந்தது. காலையில் மதுரையிலிருந்து வரும், மாலையில் மதுரைக்குத் திரும்பும், நடுப்பகல் முழுக்கப் போடியில் நிற்கும்.

தமிழ்நாட்டில் கிளைப் பாதைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு பதில் தயாராக இருக்கும்: “ஆளே ஏறுவதில்லை, எதற்குக் கூடுதல் ரயில்?” மேலே சொன்ன அட்டவணையைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியைத் திருப்பிப் போடத் தோன்றும். ஏறத் தோதான நேரத்தில் வண்டி விட்டுப் பார்த்தோமா? வண்டி குறைவு என்பதால் ஆள் குறைவு, ஆள் குறைவு என்பதால் வண்டி குறைவு. இந்தச் சுழலை எங்கே வெட்டுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பல கிளைப் பாதைகளில் புதுத் தண்டவாளமும் வேண்டாம், புதுப் பெட்டியும் வேண்டாம். இருக்கிற வண்டி எந்த நேரத்தில் எங்கே சும்மா நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அதற்கு முதலில் ‘ரேக்’ என்றால் என்ன என்று தெரிய வேண்டும். சேர்ந்தே ஓடும் பெட்டிகளின் முழுத் தொகுப்புக்கு ரயில்வேயில் ரேக் என்று பெயர். அட்டவணையில் நாம் பார்க்கும் வண்டி எண் வேறு, ரேக் வேறு. காலையில் ஒரு எண்ணில் வந்த ரேக்கே மாலையில் வேறு எண்ணில் திரும்பிப் போகும். நாம் ‘ரயில்’ கேட்கிறோம், அதிகாரி ‘ரேக் இல்லை’ என்கிறார். இரண்டு பேரும் பேசுவது வெவ்வேறு பொருளைப் பற்றி. ரேக் இல்லாமலே ரயில் கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஏற்கெனவே இருக்கும் ரேக் இன்னொரு நடை போய்வந்தால் அட்டவணையில் இரண்டு புது ரயில்கள் முளைத்துவிடும்.

காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். மதுரையிலிருந்து போடி சுமார் 90 கிலோமீட்டர், எல்லா இடத்திலும் நின்று போனால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். காலை 5 மணிக்கு மதுரையில் எடுத்தால் 7 மணி தாண்டிப் போடி. கால் மணி நேரம் நின்று 7.20-க்குத் திரும்பினால் 9.30-க்குள் மதுரை. ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் சரியான நேரம். அதே ரேக் 10.30-க்கு மறுபடி கிளம்பி மூன்று மணி வாக்கில் மதுரைக்குத் திரும்பும். இது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் சந்தைக்கு வந்தவர்களும் பயன்படுத்தும் நடை. அப்புறம் சாயங்காலம் 6 மணிக்கு மதுரையில் எடுத்தால் எட்டு மணி தாண்டிப் போடி, பத்தரைக்கு மதுரை. அதே ஒரு ரேக், மூன்று நடை, ஆறு ரயில். ராத்திரி பத்தரையிலிருந்து விடியற்காலை ஐந்து வரை கழுவவும் சோதிக்கவும் நேரம் இருக்கிறது. இது நான் போட்ட கணக்குத்தான். இதையே இப்படியே ஓட்டிவிட முடியும் என்று சொல்லவில்லை. இதற்குக் குறுக்கே நிற்பவை என்னென்ன என்று பார்ப்பதற்காகப் போட்டேன்.

முதல் தடை, வண்டி ராத்திரி எங்கே தூங்குகிறது என்பது. எந்த ஊரில் ரேக் இரவு நிற்கிறதோ அந்த ஊருக்குத்தான் முதல் காலை வண்டி. பராமரிப்புக் கூடம், தண்ணீர் பிடிக்கும் வசதி, வண்டியை ஓட்டும் லோகோ பைலட்டும் டிரெயின் மேனேஜரும் தங்கும் ஓய்வறை எல்லாம் மதுரை போன்ற பெரிய ஜங்ஷனில்தான் இருக்கும். (கார்டு என்ற பதவிக்கு 2022-இல் வைத்த புதுப் பெயர்தான் டிரெயின் மேனேஜர். ஊரில் இன்னும் கார்டுதான்.) அதனால் ரேக் இயல்பாகவே பெரிய ஊரில் படுத்துக்கொள்கிறது. காலையில் அங்கிருந்து சின்ன ஊருக்கு வருகிறது. மக்களோ காலையில் சின்ன ஊரிலிருந்து பெரிய ஊருக்குப் போகிறவர்கள். கிளைப் பாதை அட்டவணைகள் தலைகீழாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. தீர்வு இரண்டுதான். கடைசி ஸ்டேஷனில் ரேக்கை இரவு நிறுத்த ஏற்பாடு செய்ய வேண்டும், அல்லது மேலே போட்டதுபோல விடியலிலேயே ஒரு வண்டியைப் பாதி காலியாகக் கிளை ஊருக்கு அனுப்ப வேண்டும். ஐந்து மணி வண்டியில் ஆளே இல்லையே என்று அதை நிறுத்தினால் 7.20 வண்டியும் சேர்ந்து போய்விடும். போகும் நடையைத் தனியாகவும் திரும்பும் நடையைத் தனியாகவும் கணக்குப் பார்ப்பது இங்கே செல்லாது.

இரண்டாவது, ஒற்றைப் பாதை. கிளைப் பாதைகளில் பெரும்பாலும் ஒரே தண்டவாளம்தான். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஸ்டேஷனில் மட்டும்தான் விலக முடியும், அதுவும் லூப் லைன், அதாவது ஒரு வண்டி ஒதுங்கி நிற்கப் பக்கத்தில் இன்னொரு தண்டவாளம், இருக்கும் ஸ்டேஷனில். இதைத்தான் ‘கிராசிங்’ என்கிறோம். அப்படிப்பட்ட இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் அனுமதி. அகலப்பாதையாக மாற்றும்போது பல பழைய ஸ்டேஷன்களை வெறும் ஹால்ட்டாக்கி லூப் லைனை எடுத்துவிட்டதால் இந்த இடைவெளி நீண்டுவிட்டது. அப்படியே இருந்தாலும், 25 கிலோமீட்டர் இடைவெளியைக் கடக்க அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் அங்கிட்டு ஒன்று இங்கிட்டு ஒன்று போய்வரலாம். ஒரு பகலில் பத்து நடையாவது தாங்கும். ஒரு நாளைக்கு இரண்டு வண்டி ஓடும் பாதையில் ‘பாதையில் இடமில்லை’ என்ற பதிலை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

உண்மையான நெரிசல் கிளையில் இல்லை, கிளை பிரியும் ஜங்ஷனில் இருக்கிறது. மதுரை, கோயம்புத்தூர் போன்ற இடங்களில் பிளாட்பாரம் காலியாகக் கிடைப்பதே கஷ்டம். உள்ளூர் வண்டி வந்து ஒரு மணி நேரம் பிளாட்பாரத்தை அடைத்துக்கொண்டு நிற்பதை ஸ்டேஷன்காரர்கள் விரும்ப மாட்டார்கள். இதற்குக் கோவைப் பக்கம் ஒரு வழி கண்டார்கள். மேட்டுப்பாளையம் வண்டிகளில் சிலவற்றைக் கோயம்புத்தூரோடு நிறுத்தாமல் போத்தனூர் வரை நீட்டினார்கள். வண்டி பெரிய ஸ்டேஷனில் சில நிமிடம் நின்று ஆளை இறக்கி ஏற்றிவிட்டு அடுத்த ஸ்டேஷனில் போய் இளைப்பாறுகிறது. பிளாட்பாரமும் காலி, போத்தனூர்க்காரர்களுக்கும் லாபம்.

கோயம்புத்தூர்–மேட்டுப்பாளையம் பாதையையே கொஞ்சம் கவனிக்கலாம். 36 கிலோமீட்டர்தான், அதுவும் முட்டுச்சந்துப் பாதை. மேட்டுப்பாளையத்தில் அகலப்பாதை முடிந்து, ஊட்டி மலை ரயில் தொடங்குகிறது. ஆனால் அங்கே மெமு என்ற மின்சார வண்டி பகல் முழுக்கப் போவதும் வருவதுமாக இருக்கிறது. காரமடையிலும் பெரியநாயக்கன்பாளையத்திலும் துடியலூரிலும் ஏறுகிறவர்கள் அதை டவுன் பஸ் மாதிரி பயன்படுத்துகிறார்கள். நடுவில் ஒன்றை விட்டாலும் நாள் கெட்டுவிடாது, அடுத்த வண்டி இருக்கிறது. இந்த நம்பிக்கைதான் பயணியைப் பிடித்து வைக்கிறது. ஒரே ஒரு வண்டி ஓடும் பாதையில் டாக்டர் வர அரை மணி நேரம் தாமதமானால் போச்சு, பேருந்து நிலையத்துக்குத்தான் ஓட வேண்டும். அடுத்த முறை அவர் ரயிலை யோசிக்கவே மாட்டார்.

மெமு, டெமு என்ற பெயர்கள் இங்கே அடிக்கடி வரும். மெமு மின்சாரத்தில் ஓடுவது, டெமு டீசலில் ஓடுவது. இரண்டுக்கும் தனி இன்ஜின் கிடையாது, இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கும். லோகோ பைலட் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்து போனால் வண்டி திரும்பத் தயார். சாதாரணப் பாசஞ்சரில் இன்ஜினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்டி, பிரேக் சோதித்துக் கிளம்ப ஏகப்பட்ட நேரம் போகும், ஆளும் வேண்டும். குறுகிய கிளைப் பாதையில் ஒவ்வொரு முனையிலும் மிச்சமாகும் இந்த நேரம் சேர்ந்து சேர்ந்து ஒரு கூடுதல் நடையாகவே ஆகிவிடும்.

மூன்றாவது தடை யாரும் எதிர்பார்க்காதது: ரயில்வே கேட். இதில் திருவாரூர்–காரைக்குடி பாதையின் கதை விசித்திரமானது. கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய தடம். அகலப்பாதைப் பணி முடிந்து 2019 ஜூனில் திருவாரூரிலிருந்து திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடிக்கு டெமு ரயில் விட்டார்கள். போய்ச்சேர ஏறத்தாழ ஆறு மணி நேரம். சைக்கிளோடு போட்டி போடும் வேகம் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. தண்டவாளத்தில் குறை இல்லை. கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை, அதுதான் சிக்கல். அதனால் கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட் வருவதற்கு முன்னால் வண்டி நிற்கும். முன்பெட்டியில் இருப்பவர் இறங்கிப் போய்க் கேட்டை மூடுவார். வண்டி மெல்லக் கடந்து மறுபடி நிற்கும். பின்பெட்டியில் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடி இதே கூத்து. அந்த டெல்டா மண்ணில் ஊருக்கு ஒரு சாலை தண்டவாளத்தைக் கடக்கிறது, கேட்டுகளுக்குக் குறைவே இல்லை.

நிரந்தரமாக ஆள் போட்ட பிறகு பயண நேரம் குறைந்தது. 2023 ஏப்ரலில் தாம்பரம்–செங்கோட்டை விரைவு ரயிலும் இந்தத் தடத்தில் வந்தது. பல நூறு கோடி செலவழித்துப் பாதையைப் போட்டுவிட்டு, கேட் கீப்பர் சம்பளத்தில் முடிச்சு விழுந்தது என்பதைக் கவனியுங்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. கேட் கீப்பர் பகல் ஷிப்ட்டுக்கு மட்டும் இருந்தால், ரயிலும் அந்த நேரத்துக்குள்தான் ஓட முடியும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு வண்டி சேர்க்க வேண்டுமென்றால் வழியிலுள்ள ஒவ்வொரு கேட்டுக்கும் இன்னொரு ஷிப்ட் ஆள் வேண்டும். மாறாக, ஏற்கெனவே ஆள் இருக்கும் நேரத்துக்குள் ஒரு வண்டி கூட்டினால் கேட் செலவு ஒரு பைசா கூடாது. எந்த வண்டி மலிவு, எந்த வண்டி விலை கூடியது என்பதை இந்த மாதிரி விவரங்கள்தான் தீர்மானிக்கின்றன. கேட்டுக்குப் பதில் கட்டும் சுரங்கப்பாதை நல்ல மாற்றுத்தான், மழையில் குளமாகாத வரை.

சரி, பணத்துக்கு வருவோம். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் வசூலாகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்து வைத்திருந்தது ரயில்வே. உள்ளூர் வண்டிக் கட்டணம் அதிலும் அடிமட்டம். அப்படியானால் ஒவ்வொரு கூடுதல் ரயிலும் கூடுதல் நஷ்டம்தானே என்று தோன்றும். இங்கேதான் சராசரிச் செலவையும் கூடுதல் செலவையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தண்டவாளம், சிக்னல், ஸ்டேஷன் கட்டடம், கேட் கீப்பர், ரேக்கின் விலை எல்லாம் ஒரு வண்டி ஓடினாலும் ஆறு வண்டி ஓடினாலும் கிட்டத்தட்ட அதே செலவுதான். இரண்டாவது நடைக்குப் புதிதாக ஆவது மின்சாரம் அல்லது டீசல், ஓட்டுகிறவர்களின் பணிநேரம், சக்கரத் தேய்மானம். டிராக்டரை வாங்கித் தவணையும் கட்டிக்கொண்டு, டீசல் செலவாகுமே என்று அதை வீட்டு வாசலிலேயே நிறுத்திவைப்பவரை ஊர் என்ன சொல்லும்? கிளைப் பாதையில் ஒரே ஒரு வண்டி விடுவதும் அந்தக் கணக்குத்தான்.

ஆனால் இந்த வாதத்துக்கும் எல்லை இருக்கிறது. லோகோ பைலட் பற்றாக்குறை நிஜம். ஒருவரைத் தொடர்ந்து ஓட்டவைப்பதற்குப் பணிநேர வரம்பு இருக்கிறது, அதை மீறக் கூடாது. மூன்று நடைக்குக் குறைந்தது இரண்டு குழு வேண்டும், நிம்மதியாக ஓட்ட மூன்று. ரேக் சும்மா நிற்கிறது என்பதற்காக ஓட்டுகிறவரும் சும்மா இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கட்டணத்தில் ஒரு பாடம் சமீபத்தில்தான் கிடைத்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாசஞ்சர் வண்டிகளை நிறுத்தினார்கள். திரும்ப விட்டபோது ‘சிறப்பு விரைவு’ என்று பெயர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ஆக்கினார்கள். வேகமும் அதேதான், பெட்டியும் அதேதான். பக்கத்து ஊருக்குப் போகிறவர் 30 ரூபாய் கொடுத்து ஏன் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும்? 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. நடுவில் பேருந்துக்குப் பழகியவர்கள் தகவல் தெரிந்தவுடன் ஓடி வந்துவிட மாட்டார்கள். வண்டியின் நேரமும் கட்டணமும் சில வருடமாவது மாறாமல் இருந்தால்தான் மனிதர்கள் தங்கள் நாளை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்கள். மூன்று மாதம் சோதனை ஓட்டம் விட்டு ‘வரவேற்பில்லை’ என்று எடுப்பது சோதனையே ஆகாது.

வெளிநாட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்களா? ஜப்பானில் தொயாமா என்ற நகரத்தில் துறைமுகத்துக்குப் போகும் எட்டுக் கிலோமீட்டர் கிளைப் பாதை ஒன்று தேய்ந்துகொண்டே வந்தது. அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு வண்டி. 2006-இல் அதை டிராம் போன்ற இலகு ரயிலாக மாற்றி, பகலில் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று ஓட்டினார்கள், நிறுத்தங்களையும் கூட்டினார்கள். வேலை நாட்களில் பயணிகள் சுமார் இரண்டு மடங்கானார்கள். தொயாமா வேறு, தேனி வேறு என்று யாராவது சொன்னால் அதுவும் நியாயம்தான். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி தேனிக்கு வேண்டவும் வேண்டாம்.

நமக்கு அதிகம் உதவக்கூடியது சுவிட்சர்லாந்தின் யோசனை. 1982 மே மாதம் அந்த நாடு தன் ரயில் அட்டவணை முழுவதையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்தது: மணிக்கு ஒரு வண்டி, ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில். 7.12-க்கு ஒன்று என்றால் 8.12-க்கும் 9.12-க்கும் உண்டு, அட்டவணைத் தாளே தேவையில்லை. அதைவிட முக்கியம், ஜங்ஷனில் எல்லா வண்டிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து, ஆட்கள் மாறி ஏறியதும் பிரிந்து போகும். கிளைப் பாதைக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. திருவாரூரில் மயிலாடுதுறை வண்டி போய் ஐந்து நிமிடம் கழித்துக் காரைக்குடி வண்டி வந்து சேர்ந்தால், அந்த ஐந்து நிமிடத்துக்காக ஒரு முழுப் பயணமே கைவிட்டுப் போகிறது. நேரத்தைப் பத்து நிமிடம் நகர்த்தப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. நகர்த்த வேண்டும் என்று யாராவது யோசிக்க வேண்டும். நம் கிளை வண்டிகள் மணிக்கொன்று ஓட வேண்டாம், மூன்று மணி நேரத்துக்கு ஒன்று போதும். ஆனால் மெயின் லைன் வண்டிக்காக அது காத்திருக்கும் என்ற உறுதி வேண்டும்.

ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் உள்ள தூரத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே முட்புதருக்கு நடுவே இருக்கும் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்தால் ரயிலில் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். வண்டி நேரத்துக்கு ஒரு மினி பஸ் வந்தாலே போதும். அது போக்குவரத்துத் துறையின் கையில், ரயில்வே வேறு கையில்.

உங்கள் ஊர்ப் பாதைக்கு வண்டி கேட்கப் போகிறீர்கள் என்றால் மனுவை எழுதும் முன் கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்யுங்கள். ‘கூடுதல் ரயில் வேண்டும்’ என்ற ஒற்றை வரி மனு கோட்ட அலுவலகத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒரு நாள் முழுக்க ஸ்டேஷனில் என்ன வந்தது, எப்போது கிளம்பியது, எத்தனை மணி நேரம் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேட் கீப்பர்கள் எந்த நேரம் வரை பணியில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பக்கத்து ஜங்ஷனில் எந்த வண்டிக்கு இணைப்பு தவறுகிறது என்று பாருங்கள். பிறகு, ‘11 மணியிலிருந்து மாலை வரை நிற்கும் இந்த ரேக்கை நடுவில் ஒரு நடை அனுப்பினால் புது ரேக் தேவைப்படாது, கேட் ஷிப்ட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்’ என்று எழுதுங்கள். கோட்ட அளவிலும் மண்டல அளவிலும் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. அதன் உறுப்பினர்கள் கையில் இப்படி ஒரு தாளைக் கொடுத்தால் கூட்டத்தில் பேச அவர்களுக்கும் ஏதாவது இருக்கும். முன்பெல்லாம் புது அட்டவணை ஜூலை 1-இல் வரும், 2025-இல் ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். நேரங்களைத் தீர்மானிக்கும் வேலை அதற்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடும் என்பதால், டிசம்பரில் மனு கொடுத்தால் அடுத்த வருடத்துக்குத்தான் ஆகும்.